மூடியின் உட்பக்கம்

மண்ணெண்ணெயில் முக்கிய துணியால் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த சௌந்தரத்தின் கை நின்றது. கரி கரைந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. அடியில் ஒரு சாய்ந்த கோடு.

தம்பி ரத்தினவேலின் அடையாளம்.

லாரிகளில் கழற்றிய, எஞ்சினைக் கிளப்புகிற பழைய செல்ஃப் மோட்டார்களைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஓடவைத்து அனுப்புகிற பட்டறை அது. உள்ளே எல்லாம் மாறும், மூடி மட்டும் மாறாது. வேலை முடித்தவர் அதன் உட்பக்கம் தன் அடையாளத்தைக் குத்துவார். வண்டிக்காரர் கண்ணில் அது படாது. அடுத்துப் பிரிப்பவருக்குத்தான் படும்.

ரத்தினவேல் இங்கேதான் தொழில் படித்தான். அவன் விரும்பிய பெண்ணை சௌந்தரம் வேண்டாம் என்றாள். கட்டினால் என் முகத்தில் முழிக்காதே என்றாள். அவன் முழிக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆயிற்று. எந்த ஊரில் இருக்கிறான் என்றும் தெரியாது. நாற்பத்தாறு வயதில் அவள் இந்தப் பட்டறைக்கு வேலை பழக வந்தபோது, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மேஸ்திரி யாக்கோபு அவளைவிடப் பதினோரு வயது இளையவர். ரத்தினவேலோடு சேர்ந்து தொழில் படித்தவர்.

"மேஸ்திரி, இதைப் பாருங்க."

பார்த்தார். "ஆமாங்கக்கா. அவந்தான்."

"எந்த ஊர் வண்டீங்க?"

"யாருக்குத் தெரியும்? சரிபண்ணினதைக் குடுத்துட்டுப் பழசை வாங்கிக்கறோம். பத்துக் கை மாறி, சாக்குல வந்து விழுது."

"இதை நான் எடுத்துக்கறனுங்க. பதிலுக்குப் புதுசு வாங்கிக் குடுத்துடறேன். கம்பெனி டப்பாவோட."

"எடுத்துட்டுப் போயி? சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுவீங்களா?"

"அவன் கை பட்டதுங்க."

யாக்கோபு அவள் கையிலிருந்த துணியை வாங்கினார். "ரெண்டு வருஷமாச் சொல்றேன், பாதி துடைச்சுட்டு நிறுத்தாதீங்கன்னு."

மீதியை அவரே துடைத்தார். முதலில் ஒரு சிறு சிலுவை தெரிந்தது. அதற்கும் மேலே மறுபடி இரண்டு புள்ளியும் சாய்ந்த கோடும். அவை முனை மழுங்கிப் பழசாயிருந்தன.

"சிலுவை உங்களுதுதானுங்களே?"

"நாலு வருஷத்துக்கு முன்னால இதே மூடி, மேல இருக்கற அவனுதோட மட்டும் வந்துச்சு. பக்கத்துல என்னுதைக் குத்தி அனுப்பிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மேஸ்திரி."

"சொல்லியிருந்தா அன்னைக்கே புதுசு வாங்கிக் குடுத்துட்டு இதை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பீங்க."

அவள் தான் முதலில் கண்ட அடையாளத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள். விளிம்பு இன்னும் சுரசுரத்தது. குத்தி அதிக நாள் ஆகியிருக்காது.

"திரும்ப அவன் கைக்கே போகுமுங்களா?"

"போகாமயும் இருக்கலாம்."

"போனா?"

யாக்கோபு மோட்டாரை அவள் பக்கம் தள்ளினார். "முதல்ல வேலையை முடிங்க."

அவள் தேய்ந்த புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதுசு இறக்கினாள். கார்பன் மாற்றினாள். பேட்டரியில் வைத்து இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். யாக்கோபு காதைக் கொடுத்துக் கேட்டார். குறை சொல்லவில்லை. தன் பெட்டியிலிருந்து பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். இதுவரை அவளை அவர் அடையாளம் குத்த விட்டதில்லை.

"உங்க அடையாளம் என்னங்கக்கா?"

அவள் பஞ்ச்சைக் கையில் எடுத்தாள்.

"எழுத்தாக் குத்தலாமுங்களா?"

"ரெண்டு தட்டுல முடியற வேலையை நாள் பூரா பண்ணுவேங்கறீங்க. பண்ணுங்க."

"படிப்பானுங்களா?"

"திறந்தாப் படிப்பான்."

புள்ளி புள்ளியாக, கோணல்மாணலாக, 'அக்கா' என்று குத்தினாள். மூடியைப் போட்டுத் திருகுகளை முடுக்கினாள்.

வெளியே போகவேண்டிய மோட்டார்கள் அலமாரியில் வரிசையாக நின்றன. முன்னால் இருந்த இரண்டைப் பின்னுக்கு நகர்த்திவிட்டு, இதை முதலில் வைத்தாள்.