அடியில் வைத்த வெள்ளை

அந்தக் காலத்தில் ஆடுகளுக்கு 'மே' என்பதைத் தாண்டியும் பேச்சு இருந்தது. ஆனால் குட்டி உருவத்தோடு பிறக்காது. பிசைந்த மாவு போல வந்து விழும். தாய்தான் நக்கி நக்கிக் காது, கால், கொம்புக்கு இடம் என்று ஒவ்வொன்றாக எடுப்பாள். தன்னைத் தவிர வேறு மாதிரி அவளுக்குத் தெரியாது. அதனால் கரட்டு மேட்டு மந்தையில் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மடிந்த காது. ஒன்றுக்கு இருமல் வந்தால் அத்தனைக்கும் வரும்.

அந்த இருமல்தான் காராயியின் முதல் இரண்டு குட்டிகளையும் கொண்டுபோனது. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இது பிழைத்தாக வேண்டும்.

அவளுடைய கிடாய் தும்பையன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அண்ணனோடு வந்தவன். இருவரும் வெள்ளை. மழைக்காலம் முழுக்க மந்தையே இருமிக் கிடந்தபோது அவர்கள் மட்டும் சாவகாசமாக வேலிக்கொடியை மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

குட்டி விழுந்ததும் காராயி கூப்பிட்டாள். "மாமா, இங்கே வாரும். நீரும் நக்கும்."

"நானா? கிடாய் நக்கி எங்கேயாவது கேட்டிருக்கிறாயா? மந்தையே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். செத்த குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன அழகு பார்க்க? பாதி உம்முடைய நாக்கு, பாதி என்னுடைய நாக்கு. உம்முடைய இருமாத நெஞ்சைக் கொடும்."

"நிறமும் கூடவே வருமே. கொம்பன் விடுவானா?"

அது உண்மைதான். மந்தைத் தலைவன் கொம்பனுக்கு வெள்ளை ஆகவே ஆகாது. "இருட்டில் சிறுத்தைக்கு விளக்குப் பிடிக்கவா?" என்று அண்ணன் தம்பி இருவரையும் மந்தைக்கு வெளியேதான் படுக்க விட்டிருந்தான்.

காராயி குட்டியைத் தும்பையன் பக்கம் நகர்த்தினாள். "உம்முடைய வெள்ளையை அடியில் வையும். மேலே நான் என் கறுப்பைப் பூசிவிடுகிறேன்."

அப்படியே செய்தார்கள். குட்டி கன்னங்கரேலென்று எழுந்து நின்றது. அடுத்த மழையில் அது ஒரு தடவைகூட இருமவில்லை. அதைப் பார்த்துத் தும்பையனின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட மயிலியும் அதே மாதிரி ஒரு கிடாய்க் குட்டியை எடுத்தாள்.

கோடையில் வெள்ளைக் கிடாய்கள் இரண்டையும் சிறுத்தை கொண்டுபோயிற்று. காராயி அன்று முழுக்க மேயவில்லை. மறுநாள் எழுந்து மேய்ந்தாள். அவன் முழுசாகப் போய்விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

காராயியின் மகளும் மயிலியின் மகனும் வளர்ந்து ஜோடி சேர்ந்தார்கள். அவர்களும் தாய்மார் சொன்னபடி இருவருமாகத்தான் நக்கினார்கள். ஆளுக்குத் தம்மிடம் இருப்பதில் பாதி. எது நாக்கில் வருகிறதோ அது. அன்று இருவர் நாக்கிலும் அடியில் கிடந்த வெள்ளையே வந்துவிட்டது. மேலே பூசக் கறுப்பு இல்லை. பாறைமேல் பால் கொட்டியது போல் ஒரு குட்டி நின்றது.

கொம்பன் இருமிக்கொண்டே வந்தான். "அப்பனும் கறுப்பு, ஆத்தாளும் கறுப்பு. இது எந்த ஊர்ச் சரக்கு? தள்ளிவிடுங்கள் பள்ளத்தில்."

காராயி குட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "இந்த ஊர்ச் சரக்குதான். அடியில் வைத்தவள் நான். தள்ளுவதென்றால் முதலில் என்னைத் தள்ளும்."

"மந்தையைச் சிறுத்தைக்குக் காட்டிக் கொடுக்கிறாயே!"

"சிறுத்தை வந்தால் ஒன்றைத் தூக்கும். இருமல் வந்தால் எல்லோரையும் தூக்கும். காதைக் கொடுத்துக் கேளும், இங்கே யார் இருமவில்லை என்று."

மந்தை அடங்கியது. அங்கங்கே லொக்கு லொக்கென்று சத்தம். காராயியின் மகளும் மயிலியின் மகனும் நின்ற பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பதில் சொல்லக் கொம்பன் வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது. வெகுநேரம் வந்தது.

அது ஓய்ந்ததும் குட்டியைப் பார்க்காமலே சொன்னான்: "நடுவில் படுக்க வையுங்கள். சுற்றிலும் நாம் கறுப்பாகத்தானே இருக்கிறோம்."

அன்று முதல்தான் குட்டி தாயில் பாதியும் தகப்பனில் பாதியுமாக வருகிறது. இரண்டு கறுப்புக்குத் திடீரென்று ஒரு வெள்ளை பிறப்பதும், ஈன்ற ஆடு, அடியில் யார் இருக்கிறார்கள் என்று தேடுவது போலக் குட்டியை விடாமல் நக்கிக்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான்.