பூதத்துக்கு மனை கொடுத்த சிலம்பாயி

முன்னொரு காலத்திலே, நாடு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாத காலத்திலே, நாற்பது குடும்பங்கள் காட்டோரம் வந்து சேர்ந்தன. சொந்த ஊரைவிட்டு மன்னன் விரட்டிவிட்டான். ஏன் என்று கேட்காதீர்கள். மன்னர்கள் விரட்டுவார்கள், அவ்வளவுதான்.

காட்டில் கொள்ளைக்காரர்கள். அதனால் வீடு கட்டுமுன் கோட்டை கட்டவேண்டி வந்தது. கட்டும் இடத்தில் பெரிய இலுப்பை மரம் ஒன்று. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: மரத்தை வெட்டுமுன், "இதில் குடியிருப்பவரே, கிளம்பும்" என்று மூன்று தரம் சொல்வார்கள். சொன்னார்கள். வெட்டினார்கள்.

மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்தார்கள். ஆள் உயரம் எழும்பியதும் சுவர் வாயைத் திறந்து, மேலே நின்று மண் வைத்த மருதையனை விழுங்கிவிட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி வைத்தார்கள். கொம்பையாவை விழுங்கி உதிர்ந்தது. மூன்றாம் தரம் உடையாண்டியை விழுங்கியது.

அவன் பெண்டாட்டி சிலம்பாயி நகம் பிய்ய மண்ணைக் கிளறினாள். ஆள் இல்லை. குரல் மட்டும் கேட்டது. "சிலம்பு, மூச்சு முட்டுதடி."

"நாலாம் தரம் வைப்போம்," என்றார் தலைவர் சடையப்பர்.

"நீங்களே ஏறி நின்னு வையுங்க ஐயா," என்றாள் சிலம்பாயி.



அவள் நேரே இலுப்பை அடிமரத்துக்குப் போனாள். அதன்மேல் ஒரு பூதம் வெயிலில் கருகி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எம்புருசனைக் கொடு."

"என் வீட்டைக் கொடு."

"கிளம்பச் சொல்லித்தானே வெட்டினோம்? மூணு தரம் சொன்னோமே!"

"சொன்னீங்க. எங்கே போறதுன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

"அடுத்த மரத்துக்குப் போயேன்."

"அதில் ஆள் இருக்கு."

சிலம்பாயிக்குச் சுருக்கென்றது. அரண்மனை ஆள் தண்டோரா போட்டு விரட்டியபோது அவள் கேட்டதும் 'எங்கே போறது' என்ற இதே கேள்விதான். பதில் வரவில்லை.

கோட்டைக்குள் குடும்பத்துக்கு ஒரு மனை அளந்தாயிற்று. மிச்சம் இல்லை.

"என் மனையை எடுத்துக்கோ. நாங்க வெளியே இருந்துக்கறோம்."

பின்னாலேயே வந்திருந்த சடையப்பர் பதறினார். "ஏம்மா, புத்தி கெட்டுப்போச்சா? கொள்ளைக்காரன் முதல்ல அறுக்கிறது உன் கழுத்தைத்தான்!"

"என் கழுத்துதானே ஐயா."

பூதம் எழுந்துபோய் அவள் மனையில் படுத்தது. மண் அசைந்தது. உடையாண்டி இருமிக்கொண்டே வந்தான். கொம்பையா வந்தான். மருதையன் வரவில்லை.

"அவனுக்கு நேரம் தப்பிப்போச்சு," என்றது பூதம், தலையைத் தூக்காமல். மருதையனின் தாய் அதற்கப்புறம் அந்தச் சுவரில் ஒருநாளும் சாய்ந்ததில்லை.

நாலாம் தரம் வைத்த சுவர் நின்றது. எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே ஒற்றைக் குடிசை.

அறுப்புக் காலத்தில், பட்டப்பகலில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள்.

"கதவைத் திறங்க ஐயா!" சிலம்பாயி கத்தினாள்.

"திறந்தா எல்லாரும் சாவோம் தாயி," என்று சுவர்மேல் நின்று அழுதார் சடையப்பர். அழுதார், திறக்கவில்லை.

உடையாண்டி அரிவாளோடு குறுக்கே நின்றான். எதிரே இருபது வாள்.

அப்போது உள்ளே பூதம் புரண்டது; சுவர் எழுந்தது. படுத்திருந்த எருமை எழுவதுபோல எழுந்து, சடையப்பரையும் சுமந்துகொண்டு நடந்து வந்து, குடிசையையும் உள்ளே சேர்த்து வளைத்து உட்கார்ந்தது. அடியில் அகப்பட்ட கொள்ளைக்காரர்கள் நசுங்கினார்கள். மற்றவர்கள் ஓடினார்கள்.

அப்புறம் அந்தச் சுவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. போக்கிடம் இல்லாமல் எவன் வந்து வெளியே குடிசை போட்டாலும், விடிந்து பார்த்தால் அவனையும் சுற்றி வளைத்திருக்கும். அப்படித்தான் அந்தக் கோட்டை ஊரானது.

கதை அவ்வளவுதான். எழுந்து போங்கள்.