நான்காம் மூலை

பகவதியப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய ஆசான் நல்லகண்ணுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கல் உடைக்கிற வேலையை விட்டு மரவேலை கற்க வந்த பகவதியப்பன், மூப்பு இளமை பார்த்து முறுக்கிக்கொண்டதில்லை. ஏழு வருஷம் சொன்னதைச் செய்தார். எட்டாம் வருஷம், ஆசான் கை வைக்காமல் ஒரு பத்தாயம் செய்து முடித்தார்.

பலா மரம். ஓர் ஆள் இறங்கிக் குந்தலாம், அவ்வளவு பெரிய அரிசிப் பெட்டி. ஆணி கிடையாது. பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டே போய், நான்காம் மூலையில் கடைசி ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். அங்கே பிசகினால் மொத்தப் பெட்டியையும் பிரித்தாக வேண்டும்.

கோலம்மையின் அடுக்களைக்குப் போகிற பத்தாயம் அது. வயசாளிகள் முப்பது பேருக்குப் பொங்கிப் போடுகிறவள் அவள். போன வருஷம் பழைய பெட்டியில் வண்டு புகுந்து அரிசியெல்லாம் மாவாகிப் போனது. அதில் காய்ச்சிய கஞ்சியை அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் குடித்ததை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உச்சி வெயில். முற்றத்தில் பத்தாயத்தின் பக்கத்தில் நின்று பகவதியப்பன் கேட்டார்.

“ஆசானே, இனி நான் தனியா வேலை எடுக்கலாமா?”

“உள்ள இறங்குங்க அண்ணாச்சி.”

இறங்கினார். ஆசான் மூடியைப் போட்டார். புதுப் பத்தாயத்துக்கு இதுதான் கடைசிச் சோதனை. வெளிச்சம் நுழைகிற இடத்தில் வண்டும் நுழையும்.

“வெளிச்சம் தெரியுதா?”

தெரிந்தது. நான்காம் மூலையில், அடியோரமாக, தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு. மெழுகும் மரத்தூளும் குழைத்து அவர் அடைத்து வைத்திருந்த இடம்தான்; வெயிலில் மெழுகு இளகிவிட்டது. பிரித்துச் செய்தால் பதினைந்து நாள். ஏழு வருஷம் அடக்கி வைத்துக் கேட்ட கேள்வி.

“இல்ல ஆசானே. கும்மிருட்டு.”

மூடி திறந்தது.

“அப்போ தனியா வேலை எடுங்க,” என்றார் ஆசான்.

சற்று நேரத்தில் கோலம்மை அரிசி வண்டியோடு வந்துவிட்டாள். பெட்டியை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. செய்தவரைத்தான் பார்த்தாள்.

“இந்த வருஷம் வண்டு வராதுல்லா அண்ணாச்சி?”

பகவதியப்பன் ஆசானைப் பார்த்தார். ஆசான் உளி தீட்டிக்கொண்டிருந்தார். கோலம்மை முதல் மூட்டையின் வாயை அவிழ்த்தாள்.

அவர் ஓடிப்போய் மூட்டை வாயைப் பொத்தினார்.

“கொட்டாதம்மா. மூலையில வெளிச்சம் வருது. உள்ள இருந்து நான் பாத்தேன். பாத்துட்டுப் பொய் சொன்னேன்.”

கோலம்மை இப்போதுதான் பெட்டியைப் பார்த்தாள்.

“எத்தன நாள் ஆகும்?”

“பதினஞ்சு.”

அவள் மூட்டையைத் திரும்பக் கட்டினாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வண்டி வந்த வழியே போயிற்று.

பகவதியப்பன் மரச்சுத்தியலான கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு நான்காம் மூலையின் முன் உட்கார்ந்தார். ஆப்பைத் தட்டிக் கழற்றக் கை எழவில்லை. வெட்கத்தோடு கோபமும் வந்தது.

“நீங்க ஒரு தடவ இறங்கிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். ஏன் ஆசானே இறங்கல?”

ஆசான் உளியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

“நான் இறங்கிப் பாத்தா, அது என் பத்தாயமா ஆயிரும்லா அண்ணாச்சி.”