தனிஸ்லாஸின் பீருக்கு வயசானது எப்படி

புதுச்சேரிக்குத் தெற்கே கோணவாய்க்கால் என்று ஓர் ஊர். அங்கே தனிஸ்லாஸ், சின்னப்பன், லூர்து என்று மூன்று அறிவாளிகள் இருந்தார்கள். அறிவாளிகள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மறுத்துப் பேச ஊரில் யாருக்கும் நேரமில்லை.

ஒருநாள் பிரான்சில் இருக்கும் சேசுராசு மாமா தனிஸ்லாசுக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, என் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஊருக்கு வர்றேன். எனக்குக் கடை பீர் வேணாம். சாமானெல்லாம் பார்சல்ல அனுப்பியிருக்கேன். நீயே வீட்டுல போடு."

தனிஸ்லாசுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை நம்பி யாரும் ஒரு காரியம் சொல்லிப் பல வருஷமாகிறது. காளான் வளர்த்தான், சுவரில் மட்டும் முளைத்தது. வாத்து வளர்த்தான், அவை பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டன. "இதையும் சொதப்பினா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி பிலோமினா பெட்டியைக் கட்டியே வைத்துவிட்டாள்.

மாமா போனில் செய்முறை சொன்னார். "மால்ட்டைத் தண்ணியில கொதிக்க வை. அப்புறம் நல்லா ஆத்து."

போனை வைத்ததும் மூவரும் யோசித்தார்கள்.

"ஆத்துன்னு சொன்னாரே, எந்த ஆத்துன்னு சொல்லலையே" என்றான் சின்னப்பன்.

"கிட்ட இருக்கிறது தென்பெண்ணைதான்" என்றான் லூர்து.

கொதிக்கும் அண்டாவை ஆட்டோவில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வறண்டு கிடந்தது. மணலில் அண்டாவை இறக்கிவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் சூடு ஆறிவிட்டது.

"பாத்தியா, ஆத்துக்கு வந்ததும் ஆறிடுச்சு" என்றான் லூர்து. மாமாவின் அறிவை மூவரும் மெச்சிக்கொண்டார்கள்.

அடுத்தது ஈஸ்ட். "போட்டு மூடிடு. அது பாட்டுக்கு வேலை செய்யும்" என்றிருந்தார் மாமா. அது வேலை செய்தது. உள்ளே குபுகுபுவென்று சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் நிற்கவில்லை.

"பூசைக்குக்கூடப் போகாம உழைக்குதே, பாவம்" என்று சின்னப்பன் மூடியைத் தட்டி, "இன்னைக்கு லீவுப்பா!" என்று கத்தினான். அது கேட்கவில்லை.

"ஓவர்டைம் பாக்குது. விட்டுடு" என்றான் தனிஸ்லாஸ்.

பிறகு பாட்டிலில் ஊற்றினார்கள். பன்னிரண்டு பாட்டில். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை என்று மாமா சொல்லியிருந்தார். யார் போடுவது என்று சொல்லவில்லை. அதனால் மூவரும் ஆளுக்கொரு ஸ்பூன் போட்டார்கள். கடைசிப் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன்தான் மிஞ்சியது.

அண்டாவில் மிச்சமிருந்ததை லூர்து குடித்துப் பார்த்தான். முகம் கோணிப் போயிற்று.

"சாக்கு ஊற வச்ச தண்ணி மாதிரி இருக்கு."

சின்னப்பனும் குடித்தான். "ஆமா. சிமெண்ட் சாக்கு."

தனிஸ்லாஸ் உடனே மாமாவுக்குப் போன் போட்டான். மாமா சிரித்தார்.

"முதல் தடவை போடுறவனுக்கு அப்படித்தான்டா இருக்கும். அதுக்கு வயசாகணும். வயசாக வயசாக முரட்டுத்தனம் அடங்கி, கசப்பு தணிஞ்சு, பக்குவம் வந்துடும். இருட்டுல வை, ஆட்டாதே, மறந்துடு. மூணு மாசத்துல வர்றேன்."

பின்னறையில் ஜன்னலுக்குக் கோணி அடித்து பாட்டில்களை அடுக்கினார்கள். ஒரு வாரம் கழித்து மாமா கேட்டார்: "மறந்துட்டியாடா?"

"மறந்துட்டேன் மாமா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஞாபகமா மறக்கிறேன்."

ஆனால் வயசுதான் கவலையாக இருந்தது. மூன்று மாசத்தில் என்ன பெரிய வயசு வந்துவிடும்? மூன்று மாசக் குழந்தைக்குக் கழுத்துகூட நிற்பதில்லையே!

"சீக்கிரம் வயசாகுறது யாருக்கு?" என்று கேட்டான் தனிஸ்லாஸ்.

"கவலைப்படுறவனுக்கு" என்றான் சின்னப்பன்.

அன்று முதல் மூவரும் தினமும் பாட்டில்கள் முன்னால் உட்கார்ந்து தங்கள் கஷ்டங்களைச் சொன்னார்கள். லூர்து தன் பல்வலியைச் சொன்னான். தனிஸ்லாஸ் வாத்துகளைப் பற்றிச் சொன்னான். சின்னப்பன், அண்ணன் தென்னந்தோப்பைச் சுருட்டிக்கொண்டதைச் சொல்லித் தேம்பியபோது, டமார்! ஒரு பாட்டில் வெடித்தது.

"மனசு உடைஞ்சுபோச்சு" என்றான் சின்னப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப நிறுத்திடலாமா?" என்று கேட்டான் லூர்து.

"நிறுத்தினா வயசும் நின்னுடுமே!" என்றான் தனிஸ்லாஸ்.

நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக மனசு உடைந்து பதினொரு பாட்டில் போயிற்று. சர்க்கரை குறைந்த அந்தக் கடைசிப் பாட்டில் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கல்லு மாதிரி நின்றது.

மாமா வந்தார். பந்தலில் ஊரே கூடியது. ஊராருக்கு நன்னாரி சர்பத். மாமாவுக்கு அந்த ஒரு பாட்டில். மாமா கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினார். தனிஸ்லாஸ் மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமினா பெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"அடேய்..." என்றார் மாமா. "தேன்டா! நீயா போட்ட?" மடமடவென்று மிச்சத்தையும் குடித்து, பாட்டிலைக் கவிழ்த்துச் சொட்டும் விடாமல் நக்கினார்.

தனிஸ்லாஸ் அழுதேவிட்டான். பிலோமினா பெட்டியைக் கீழே வைத்தாள்.

மாமா மீசையைத் துடைத்தபடி சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் மட்டும் இருந்திருந்தா, இதை அடிச்சுக்க ஆளே இருந்திருக்காது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டில் காலி. பீர் இப்போது மாமாவுக்குள் இருந்தது.

"தூக்குங்கடா, ஆட்டாம!" என்றான் தனிஸ்லாஸ். நாற்காலியோடு மாமாவைத் தூக்கிப் பின்னறையில் இறக்கினார்கள்.

"டேய், வியாழக்கிழமை எனக்கு பிளைட்டுடா!"

"கத்தாதீங்க மாமா. நுரை பொங்கிடும்" என்று லூர்து கதவைச் சாத்தினான்.

வெள்ளிக்கிழமை பிரான்சிலிருந்து அத்தை கூப்பிட்டார். "மாமா ஏன் தம்பி இன்னும் வந்து சேரலை?"

"இருட்டுல வச்சிருக்கோம் அத்தை" என்றான் தனிஸ்லாஸ் பணிவாக. "பக்குவம் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்."



"முப்பத்தாறு வருஷம் நான் வச்சிருந்தும் வரலை தம்பி" என்றார் அத்தை. "அவசரப்படாதீங்க. ரெண்டு வருஷமாவே வச்சிருங்க."