காய்ந்த கை வேண்டும்

தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. அங்கே லாசர், சவரிமுத்து, கித்தேரியான் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் தங்கமான மனசு. மூளை விஷயத்தில்தான் ஆண்டவர் கொஞ்சம் கையைச் சுருக்கிவிட்டார்.

ஒருநாள் முதலாளி தங்கப்பழம் மூவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "ஏலே, நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஈரக் கையோட சுவிட்சைத் தொடப்படாது. தொட்டா ஆளு காலி. அப்புறம், சாயங்காலம் பிச்சையா அண்ணாச்சி படகுக்கு ஐஸ் போயாகணும். போகலைன்னா நாளைக்கு ஒருத்தனுக்கும் இங்க வேலை கிடையாது."

சொல்லிவிட்டு அவர் கடைத்தெருவுக்குப் போனார். லாசர் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டுவிட்டு ஐஸ் தூக்கப் போனான். தொட்டி நிறைந்தது, வழிந்தது. வழிந்த தண்ணீர் நேராக, அடுக்கி வைத்திருந்த ஐஸ் மேல் கொட்டியது.

"மோட்டாரை அமத்துல! ஐஸ் கரையுது!" என்று கத்தினான் சவரிமுத்து.

லாசர் தன் கையைப் பார்த்தான். சொட்டச் சொட்ட ஈரம். மற்ற இருவரும் கையை நீட்டினார்கள். அதுவும் அப்படியே.

"வேட்டியில துடைச்சா என்ன?"

"வேட்டியும் நனைஞ்சிருக்கேடே."

"மூணு கையில எது ஈரம் கம்மின்னு பார்ப்போமா?"

"முதலாளி கம்மி, கூடன்னு ஒண்ணும் சொல்லலையே."

கித்தேரியான் வெளியே ஓடி வெயிலில் கையைக் காயவைத்தான். காய்ந்த கை நனைந்துவிடாமலிருக்க, இரண்டையும் தலைக்கு மேல் தூக்கியபடி பத்திரமாக உள்ளே வந்தான். தொட்டித் தண்ணீர் முதலில் அந்தக் கையில்தான் விழுந்தது.

அப்போதுதான் லாசருக்கு ஒரு யோசனை உதித்தது. "பக்கத்து உப்புக் குடோன்ல மாசானம் இருக்காருல்லா? உப்பு அள்ளுற கை. ஈரம் எங்கேருந்து வரும்?"

மாசானம் பாவம், கூப்பிட்டதும் ஓடி வந்தார். சவரிமுத்து வாசலிலேயே அவரை மறித்தான்.

"நில்லுங்க அண்ணாச்சி. உப்புக் கையோட உள்ள வந்தா ஐஸ் உருகிரும். கையைக் கழுவிட்டு வாங்க."

மாசானம் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினார். பிறகு நால்வருமாக நின்று நான்கு ஜோடி ஈரக் கைகளைச் சோகமாகப் பார்த்தார்கள். உள்ளே ஐஸ் பாதியாகியிருந்தது.

அந்த நேரம் முதலாளி வந்து சேர்ந்தார். "அடப் பாவிகளா!" என்று அலறிக்கொண்டு சுவிட்சைப் பார்த்து ஓடியவர், வழுக்கித் தண்ணீரில் குப்புற விழுந்தார். எழுந்து சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

மூவருக்கும் உயிரே போய்விட்டது. இத்தனை வருஷம் சோறு போட்ட மனுஷனாயிற்றே! "முதலாளி, ஈரக் கை!" என்று அழுதுகொண்டே அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவர் திட்டியது எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் பிச்சையா வண்டியோடு வந்தார். வாசல் வழியாகத் தண்ணீர் ஆறாக ஓடியது. மோட்டார் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"ஐஸ் எங்கடே? உங்க முதலாளி எங்க?"

லாசர் பணிவாகக் கருவாடு காயப்போடும் களத்தைக் காட்டினான். அங்கே முதலாளி பாயில் கிடந்தார். கால்களை மாசானமும், கைகளைக் கித்தேரியானும் அசையாமல் பிடித்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. ஒரு பக்கம் காய்ஞ்சாச்சு. இப்பத்தான் திருப்பிப் போட்டிருக்கோம்."