பொந்துக்கு வெளியே

மலைக்காட்டில் ஓர் அயினி மரம். அதன் உச்சிப் பொந்தில்தான் கொண்டையன் என்ற இருவாச்சிப் பறவை பிறந்தான். வளர்ந்து, பறந்து, ஊரெல்லாம் சுற்றி வந்த பிறகும் அந்தப் பொந்தை அவனால் மறக்க முடியவில்லை. எத்தனை சுகமான இருட்டு அது! பக்கத்தில் அம்மாவின் கதகதப்பு. வாசலில் ஒரே ஒரு கீறல். அதன் வழியாக அப்பாவின் அலகு உள்ளே நீளும். அதில் பழுத்த அத்திப்பழம் இருக்கும். வாயைத் திறந்தால் போதும்!

இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, வாசலை மண் குழைத்து அடைத்துக்கொள்ளும். பாம்பும் மரநாயும் நுழையாதபடி ஒரு கீறலை மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு வளரும் வரை வெளியே வராது. ஆண் பறவை கொண்டுவந்து கொடுத்தால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

கொண்டையனின் அலகுக்கு மேல் மஞ்சள் கொண்டை முளைத்தது. அன்றைக்கே பொன்னலகி என்ற இளம் பறவையிடம் போய் நின்றான்.

“எனக்குக் கொண்டை முளைச்சாச்சு! வா, நல்ல பொந்தாப் பார்த்துக் குடித்தனம் வைக்கலாம்!”

“குஞ்சு பிறந்தா?”

“பிறக்கட்டுமே! இருட்டு, கதகதப்பு, வேளாவேளைக்குப் பழம். வேற என்ன வேணும்?”

“பழம் எங்கிருந்து வரும்?”

“அது பாட்டுக்கு வரும்!”

பொன்னலகி சிரித்துவிட்டாள். “சரிதான் போ! யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் காட்டில் பேய்க்காற்று அடித்தது. முறிந்த கிளை ஒன்று விழுந்து கொண்டையனின் அப்பாவுக்கு இறக்கையில் அடி. பறக்க முடியவில்லை. அதே அயினி மரப் பொந்தில் அம்மா புதுக் குஞ்சோடு அடைந்திருந்தாள்.

“இறக்கை சரியாகுற வரைக்கும் நீ பார்த்துக்கிறியாடா?” என்று அப்பா கேட்டார்.

“இதென்ன பெரிய வேலை! நீங்க பேசாம உக்காருங்கப்பா!”

முதலில் வேலை உற்சாகமாகத்தான் நடந்தது. பக்கத்து அத்திமரம் காலியானதும் மலைமுகட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அங்கே அவனுடைய கூட்டாளிகள் பழத்தை மேலே எறிந்து அலகால் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“வாடா, ஒரே ஒரு ஆட்டம்!”

ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தவனுக்கு நேரம் போனதே தெரியவில்லை. வயிறு முட்டத் தின்றான். மழையும் பிடித்துக்கொண்டது. ‘நாளைக்குச் சேர்த்துக் கொடுத்தால் போகிறது’ என்று இலைக்கடியில் ஒதுங்கினான்.

அப்போது பொன்னலகி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு பறந்து வந்தாள்.

“கொண்டையா! உன் பொந்துப் பக்கமாத்தான் வர்றேன். காலையில இருந்து குஞ்சு கத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப சத்தமே வரல!”

கொண்டையனுக்குப் பகீரென்றது. கிடைத்த பழங்களையெல்லாம் தொண்டையில் அடக்கிக்கொண்டு மழையில் பாய்ந்தான். காற்று அவனைப் பின்னுக்குத் தள்ளியது. நனைந்த இறக்கை கனத்தது. முகட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

கீறலில் அலகை நுழைத்தான். உள்ளே அதே இருட்டு, அதே மரவாசனை. ஆனால் இப்போது அவனுடைய அலகு மட்டும்தான் உள்ளே போனது. ஒரு சத்தமும் இல்லை. அவனுக்கு அழுகை முட்டியது.

மெல்ல ஒரு சின்ன அலகு அவன் அலகைத் தடவியது. பழத்தைக் கவ்வியது. அதை விழுங்கியதும் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது போலும்.

“ஏன் இவ்வளவு நேரம்? உனக்கு என் ஞாபகமே இல்லியா?” என்று கீச்சுக்குரலில் திட்டியது.

கொண்டையன் தொண்டையிலிருந்து அடுத்த பழத்தை எடுத்து நீட்டினான். குஞ்சுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு பழமாகக் கொடுத்து முடித்தான். பிறகு அப்பா இருந்த கிளைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அப்பா, ஒரு மழை நாள்ல நானும் உங்களை இப்படித்தான் திட்டினேன்.”

“ஞாபகம் இருக்கு.”

“நீங்க ஒண்ணுமே சொல்லலியேப்பா?”

“எப்படிடா சொல்றது? தொண்டை நிறைய உனக்குப் பழம் இருந்துச்சே!”

கொண்டையன் அப்பாவின் இறக்கையோடு ஒட்டிக்கொண்டான். அந்த இருட்டும் கதகதப்பும் இனித் தனக்கு இல்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினான். அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை. குஞ்சு கொழுகொழுவென்று வளர்ந்தது. ஒரு நாள் பொன்னலகி அவனைத் தேடி வந்தாள்.

“யோசிச்சுட்டேன். குடித்தனம் வைக்கலாம்!”

“இப்ப வேண்டாம் பொன்னலகி. நீ உள்ளே போய் வாசலை அடைச்சுட்டா, நான் மறந்த அன்னைக்கு உனக்கு யாரு? என் மேல எனக்கே நம்பிக்கை வரட்டும். நானே வந்து கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு, அவன் அத்திமரத்தை நோக்கிப் பறந்தான்.

பிள்ளையாக இருந்து அனுபவித்த சுகத்தை, தன் பிள்ளைக்கு நாள் தவறாமல் சுமந்து வந்து கொடுக்க முடிந்தவர்தான் பெற்றோர் ஆகத் தகுந்தவர்.