முள்ளம்பன்றி கட்டாத கொடி

கருங்காட்டில் இருந்த முள்ளம்பன்றி சிலும்பனுக்கு எல்லார்மேலும் சந்தேகம். மரம் நிழல் தந்தால்கூட, எதற்காகத் தருகிறது என்று யோசிப்பான்.

அந்தக் கோடையில் மேட்டுக்குளம் வற்றிவிட்டது. மலையடிவாரத்தில் ஓர் ஊற்று மட்டுமே மிச்சம். சரிவோ செங்குத்து. அதனால் பெரியாண்டி என்ற யானை சின்னப் பிராணிகளைத் தினமும் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்வந்தான். ஒரே ஒரு நிபந்தனை. அவன் முதுகில் சுற்றியிருந்த தடித்த கொடியோடு ஒவ்வொருவரும் தங்கள் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஏறியவர்களுக்குக் கட்டுக்கொடி கொடுத்துச் சரிபார்ப்பது ஒரு மந்தி. கொடியை நீட்டிய அவளைச் சிலும்பன் ஏற இறங்கப் பார்த்தான்.

"எதுக்கு இது?"

"விழாம இருக்கத்தான்."

"இத்தனை நாளா யாரு விழுந்தா?"

"கட்டியிருந்ததாலதான் யாரும் விழலை."

பதில் இவ்வளவு சட்டென்று வந்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள்! கொடி இறுகினால் முட்கள் படிந்துவிடும். முட்கள் படிந்த முள்ளம்பன்றியை நரி சும்மா விடுமா? யானைக்கும் நரிக்கும் உள்ளுக்குள் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது. நேற்று நரி யானையைப் பார்த்துத் தலையாட்டியதை அவனே பார்த்தான். அது வெறும் வணக்கம்தான். அதைச் சொன்னால் அவன் நம்பவா போகிறான்?

கொடியை வாங்கி வயிற்றின்மேல் போட்டு, முன்காலால் பிடித்துக்கொண்டான். மந்தி பார்த்தபோது கட்டியதுபோல இருந்தது. அவள் திரும்பியதும் விட்டுவிட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த முயல் வெள்ளச்சி கவனித்துவிட்டாள்.

"அண்ணே, முடிச்சே போடலியே?"

"விழுந்தா என் உடம்பு. உனக்கென்ன நஷ்டம்?"

இவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

பாதிச் சரிவில் ஒரு மான்குட்டி குறுக்கே பாய்ந்தது. பெரியாண்டி காலை ஊன்றிச் சட்டென்று நின்றான். மந்தியும் வெள்ளச்சியும் கொடி இழுத்துப் பிடித்ததில் அப்படியே இருந்தார்கள். சிலும்பன் மட்டும் நிற்கவில்லை. பயத்தில் அத்தனை முள்ளும் சிலிர்க்க, வெள்ளச்சியின் பின்னங்காலில் மோதி, யானையின் பிடரியில் குத்தி, பாறையில் போய் விழுந்தான்.

அவனுக்கு ஒரு கால் முறிந்தது. யானைக்குப் பிடரி வீங்கிக் காய்ச்சல் கண்டது. வெள்ளச்சியின் காலில் நரம்பு அறுந்துவிட்டது. ஓடிப் பிழைக்க வேண்டிய முயல், இனி நொண்டித்தான் நடப்பாள். பாவம், கட்டிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தவள் அவள்.

யானை படுத்ததும் காடே தவித்தது. கரடி தேன் எடுக்கப் போகாமல் யானையின் பிடரியில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தான். குரங்குகள் தண்ணீர் சுமக்கப் போனதால் அத்திப்பழம் மரத்திலேயே அழுகியது. மழைக்காலத்துக்குச் சேர்த்த தேன் மருந்துக்கே தீர்ந்தது.

ஒருநாள் சிலும்பன் படுத்திருந்த பொந்துக்குள் நரி நுழைந்தான். சிலும்பனுக்கு முட்களைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான். 'டொக்'கென்று ஏதோ சத்தம்.

"இன்னைக்கு உனக்குத் தண்ணி கொண்டுவர என் முறை" என்றான் நரி, சுரைக்குடுக்கையைக் கீழே வைத்துவிட்டு. "ஏறி இறங்கி என் கால் தேஞ்சுபோச்சு. சீக்கிரம் குடி. இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோகணும்."

இருபது நாள் கழித்துப் பெரியாண்டி எழுந்தான். காலை இழுத்துக்கொண்டு வந்த சிலும்பன், ஒன்றுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டான். வெள்ளச்சி திரும்பிப் பார்த்தாள்.

"மந்தியக்கா, அவர் முடிச்சை நீங்களே ஒருதரம் இழுத்துப் பாருங்க. எனக்கு நம்பிக்கையில்லை."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் சந்தேகத்தில் நியாயம் இருந்ததுதான் இன்னும் வலித்தது. மந்தி இழுத்துப் பார்க்க வசதியாகச் சிலும்பன் முன்கால்களைத் தூக்கிக்கொண்டான்.

வண்டியில் சீட் பெல்ட் போடாதவன் தன் உயிரோடு மட்டும் விளையாடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் உடம்பும் ஊரின் உழைப்பும் சேர்ந்தே அதற்கு விலை கொடுக்கின்றன.